ஈலி நகரத்து அத்தை

திர்சா ஹேலாக் ஈலி நகரத்தைப் படமாக வரைந்து விற்றுப் பிழைத்தவள். ஆற்றங்கரைத் தெருவில், விலாங்கு மீன் விற்கும் மர்ஃபிட் குடும்பத்து வீட்டின் மாடியில் அவளுக்கு ஓர் அறை. காலையில் பெண்பிள்ளைகள் பள்ளியில் சித்திர வகுப்பு எடுப்பாள். மற்ற நேரமெல்லாம் மடக்கு நாற்காலியும் சாயப்பெட்டியுமாக வெளியில்தான். ஊருக்கு ரயில் வந்ததிலிருந்து பேராலயத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்ப யாருக்குத்தான் மனம் வரும்? ஆற்றின் இக்கரையிலிருந்து பேராலயம், பூங்கா மேட்டிலிருந்து பேராலயம், ஸ்டன்ட்னி சாலையில் நின்று வெள்ளம் தேங்கிய வயல்களுக்கு அப்பால் பார்த்தால் தெரிகிற பேராலயம் என்று அவள் படங்கள் அவர்களோடு ரயிலேறின.

நல்ல படங்கள்தான். பிரமாதம் என்று யாரும் சொன்னதில்லை, அவளும் நினைத்துக்கொண்டதில்லை. வானம் மட்டும் அவளுக்கு நன்றாக வரும். அந்தத் தட்டை நிலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் முக்கால் படம் வானம்தான் என்பதால் அது போதுமானதாக இருந்தது. அவுரி நீலத்தில் ஒரு துளி காவியைக் குழைத்து, ஈரக் காகிதத்தில் ஒரே இழுப்பாக இழுத்து விடுவாள். மழைமேகம் தானாகத் திரளும்.

நேருக்கு நேர் எல்லாரும் அவளை மிஸ் ஹேலாக் என்றார்கள். அந்தப் பக்கம் திரும்பினால் அவளுக்கு வேறு பெயர்: நியூசிலாந்துக்காரி. அவள் அந்த ஊர் எல்லையைத் தாண்டி அதிக தூரம் போனவளே இல்லை. ஜேபெஸ் செட்சலால் வந்த பெயர் அது.

ஜேபெஸ் பக்கத்து ஸ்டன்ட்னி கிராமத்தில் வாய்க்கால் வெட்டுகிற குடும்பத்துப் பையன். அவளைவிட இரண்டு மூன்று வயது இளையவன். ஒருநாள் அவள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது, முழங்கால் வரை சேற்றோடு கரையேறி வந்து படத்தை எட்டிப் பார்த்தான்.

"இதுல நான் எங்க?"

"நீங்க எதுக்கு இதுல?"

"காலையிலேர்ந்து உங்க கண்ணு முன்னாடிதானே வேலை செய்யறேன். கரையைப் போட்டுட்டு கரை கட்டுறவனை விட்டுட்டீங்களே, நியாயமா?"

"அசையாம நில்லுங்க. போடறேன்."

அவனால் அசையாமல் நிற்க முடியவில்லை. கடைசியில் மண்வெட்டியோடு ஒரு பழுப்புத் தீற்றலாகத்தான் அவன் அந்தப் படத்தில் வந்தான். அதற்கே பூரித்துப்போய், வேலை செய்துகொண்டிருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான். அந்தக் கோடை முடிவதற்குள் அவர்கள் இருவரையும் சேர்த்துப் பேச ஊர் பழகிவிட்டது. திர்சாவின் அம்மா முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனுக்கும் சேர்த்து ரொட்டி சுட ஆரம்பித்தாள்.

சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்கத் தெரிந்தவர்கள் நியூசிலாந்துக்குத் தேவை என்று அப்போது ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜேபெஸின் அப்பாவும் அம்மாவும் குளிர்காய்ச்சலில் அடுத்தடுத்துப் போய்விட்டிருந்தார்கள். அவனைப் பிடித்து வைக்க ஊரில் வேறு உறவு இல்லை. முன்னால் போய் ஒரு வீடு கட்டிவிட்டு அவளை அழைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ரயிலடியில் நின்றபோது அவன் சொன்னான்:

"ஸ்டன்ட்னியில எங்க அப்பா அம்மாவைப் புதைச்ச இடத்தைக் கொஞ்சம் பாத்துக்க. அப்புறம், படம் போட்டு அனுப்பு திர்சா. அங்க போனா இந்த ஊரு மறந்துடுமோன்னு பயமா இருக்கு."

"ஊரு மறந்தா பரவாயில்ல. ஆளு?"

"சுவத்துல படம் தொங்கினா வர்றவன் போறவன் எல்லாம் யார் போட்டதுன்னு கேப்பான். ஒவ்வொருத்தனுக்கும் நான் பதில் சொல்லியாகணும். அப்புறம் ஆளை எப்படி மறக்கறது?"

அவனை ஒரேயடியாகக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. சொன்னபடி அவன் கூப்பிட்டான். வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று, அடுத்த வசந்தத்தில் கிளம்பும் கப்பலில் வந்துவிடு என்று எழுதினான். அந்தக் கடிதம் வந்த குளிர்காலத்தில்தான் திர்சாவின் அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வாய் கோணி, கை விழுந்து, படுக்கையோடு கிடந்தாள். கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று திர்சா எழுதினாள். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, துணி மாற்றிவிட்டு, கிடைத்த சாவகாசத்தில் ஓடிப் போய்ப் படம் வரைந்து அனுப்பினாள். அம்மா வருஷக்கணக்கில் கிடந்தாள்.

அம்மாவை அடக்கம் செய்த வாரமே, இனி வரலாம் என்று எழுதிப் போட்டாள். கடிதம் போய்ப் பதில் வர முக்கால் வருஷம் ஆகும். பதில் வந்தது. அங்கே பெரிய வெள்ளம், வீடு பாதி போய்விட்டது, இப்போதைக்கு வேண்டாம் என்று இருந்தது. கீழே ஒரு வரி: குவானிப் பக்கம் ஒரு காற்றாலை உண்டே, அதை வரைந்து அனுப்ப முடியுமா?

அனுப்பினாள். அதற்கப்புறம் வந்த கடிதங்கள் எல்லாமே அப்படித்தான். பிரிக்வில்லோ போகிற சாலை, வில்லோ மரங்களோடு. ரயில் பாலம். பனி உறைந்த வயலில் ஜனங்கள் சறுக்கி விளையாடுவது. அவன் கேட்ட இடத்துக்கெல்லாம் மழையென்றும் காற்றென்றும் பாராமல் நடந்து போய் வரைந்து அனுப்பினாள். அழைப்பு மட்டும் வரவில்லை.

கீழ் வீட்டு மர்ஃபிட் அம்மாளுக்கு மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. ஒருநாள் விலாங்குக்குத் தோலுரித்துக்கொண்டே கேட்டாள்:

"கட்டிக்கறேன்னு சொன்னவன் காத்தாலையைக் கேக்கறான், பாலத்தைக் கேக்கறான். உனக்கு ஒறைக்கலையாடி?"

"வீட்டுச் சுவத்துல மாட்டறதுக்குக் கேக்கறார்."

"சுவர் இருக்கு சரி. அந்தச் சுவத்துக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு கேட்டியா?"

திர்சா கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

இப்படியே அவளுக்கு நாற்பது வயது கடந்தது. தானிய மண்டிக் கணக்குப்பிள்ளை ஒருவர், மனைவியை இழந்தவர், மர்ஃபிட் அம்மாள் மூலமாகத் தூது அனுப்பினார். எனக்கு ஏற்கனவே நிச்சயமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினாள். ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

ஒரு ஜூன் மாதக் காலையில் அவள் ஈரக் காகிதத்தைப் பலகையில் இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து மர்ஃபிட் அம்மாளின் குரல் வந்தது.

"திர்சா, கறுப்பு உடுப்புல ரெண்டு பொம்பளைங்க வந்திருக்காங்க. அத்தை எங்கன்னு கேக்கறாங்க. வீடு மாறி வந்துட்டீங்கன்னு சொன்னா, இல்ல, படம் போடற அத்தைதான்னு அடிச்சுச் சொல்றாங்க."

பதில் சொல்வதற்குள் படிகளில் தடதடவென்று சத்தம். பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். கொஞ்சம் விடைத்த காதுகள். நடுவில் குழி விழுந்த மோவாய். திர்சா அந்த மோவாயைப் பார்த்தபடியே நின்றாள்.

"அத்தை," என்றாள் அந்தப் பெண். ஓடி வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நான் ட்ரீடா. எதெல்ட்ரீடா. இந்த ஊரு புனிதவதி பேரைத்தான் அப்பா எனக்கு வச்சார். சொல்லியிருப்பாரே."

பின்னால் மூச்சு வாங்கப் படியேறி வந்தவள் டாம்சின். திர்சாவைவிட நாலைந்து வயது இளையவளாக இருப்பாள். வெயிலில் காய்ந்த முகம், வேலை செய்து தடித்த கை. விதவைக்கு உரிய முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"மன்னிச்சுக்குங்க அக்கா. முன்னாடியே எழுதிட்டு வந்திருக்கணும். இந்தச் சேதியை எழுத்துல போட எனக்கு மனசு வரலை. உங்க தம்பி போயிட்டார்."

ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். ஜேபெஸுக்கு மனைவி உண்டு, இவ்வளவு பெரிய மகள் உண்டு, அவன் உயிரோடு இல்லை, தன்னை அக்கா என்று சொல்லி வைத்திருக்கிறான் என்று எல்லாம் சேர்ந்து அவள் தலையில் இறங்கின. இதில் எதற்கு முதலில் அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

"போன அறுவடைக்கு முன்னாடி. புது வாய்க்கால் வெட்டறப்போ கரை சரிஞ்சுது. கூட இருந்தவங்களைத் தூக்கிட்டாங்க. இவரைத் தூக்கறதுக்குள்ள..." டாம்சின் முடிக்கவில்லை. "உங்களைப் பத்திப் பேசாத நாள் கிடையாது அக்கா. எங்க அக்கா ஹேலாக்குங்கறவரைக் கட்டிக்கிட்டா, அவரும் சீக்கிரமே போயிட்டார், ஒண்டியா கிடக்கறாள்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போவார்," என்றாள்.

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மர்ஃபிட் அம்மாளுக்கு வாய் திறந்துகொண்டது. "தம்பியா? எந்தத் தம்..."

திர்சா அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தாள். மர்ஃபிட் அம்மாள் அப்படியே நிறுத்தினாள்.

"ஜேபெஸா," என்றாள், மேலாடை நுனியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு. "தெரியாம என்ன. இந்தக் கரையிலதானே எப்பப் பாத்தாலும் சுத்திக்கிட்டிருப்பான்." அவள் அழுததும் உண்மைதான். அவனை அவளுக்குப் பிடிக்கும்.

ஏன் அப்போதே உண்மையைச் சொல்லவில்லை என்று பின்னால் ஒருநாள் மர்ஃபிட் அம்மாள் கேட்டதற்குத் திர்சா சொன்ன பதில் இவ்வளவுதான்: "அந்தப் பொண்ணு என் கழுத்தைக் கட்டிக்கிட்டிருந்தா. கையை எடுத்ததும் சொல்லலாம்னு பாத்தேன். அவ எடுக்கவே இல்ல."

டாம்சின் கார்ன்வாலில் இருக்கும் தன் சொந்தக்காரர்களிடம் போய்க்கொண்டிருந்தாள். சிறு வயதில் அப்பா அம்மாவோடு அங்கிருந்து கப்பலேறியவள். முதலில் ஈலிக்கு வந்து அத்தையைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ட்ரீடா பிடிவாதம் பிடித்திருக்கிறாள். மர்ஃபிட் வீட்டுக் கீழறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். ட்ரீடா கட்டிலில் உட்கார்ந்த கையோடு ஒரு தட்டை மரப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே திர்சா அனுப்பிய படங்கள் எல்லாம் இருந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை.

திர்சா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நியூசிலாந்து வெயிலில் அவுரி நீலம் அத்தனையும் பறந்துபோயிருந்தது. அதில் கலந்த காவி மட்டும் மிச்சம். மழைமேகம் திரண்டிருந்த வானமெல்லாம் வெளிறிய ரோஜா நிறத்தில் இருந்தது.

"வந்து இறங்கினதும் எனக்கு முதல்ல ஒண்ணும் புரியலை அத்தை," என்றாள் ட்ரீடா. "இங்கயும் வானம் நீலமாவே இருக்கே. ஈலியில மட்டும் எப்பவும் ரோஸ் வானம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். கப்பல்ல எல்லார்கிட்டயும் பெருமையடிச்சேன்."

"சாயம் போயிடுச்சும்மா," என்றாள் திர்சா.

மறுநாளிலிருந்து அவர்களை ஒவ்வொரு இடமாக அழைத்துக்கொண்டு போனாள். அழைத்துக்கொண்டு போனது ட்ரீடா என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஊரில் அதுவரை கால் வைக்காத பெண், எந்தச் சந்தில் திரும்பினால் எந்த வளைவு தெரியும் என்று முன்னாலேயே சொல்லிக்கொண்டு ஓடினாள். சின்ன வயதில் தட்டம்மை வந்து படுத்திருந்தபோது சுவரில் பேராலயத்து ஜன்னல்களைத்தான் எண்ணிக்கொண்டு கிடந்தாளாம். பேராலயத்துக்குள் எண்கோணக் கூரையின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது மட்டும் பேச்சு நின்றது. கோயில் காவல்காரர் வந்து, "காலை வணக்கம் மிஸ் ஹேலாக்," என்றார்.

"உங்களை ஏன் மிஸ்ங்கறாங்க?" என்று கேட்டாள் ட்ரீடா.

"ஸ்கூல் பிள்ளைங்க கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊருக்கே அது பழகிடுச்சு," என்றாள் திர்சா. பொய் இவ்வளவு சுளுவாக வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தாத்தா பாட்டியின் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்றாள் ட்ரீடா. ஸ்டன்ட்னிக்குப் போகும் வழியில் நகரத்து இடுகாட்டை ஒட்டி நடக்க வேண்டும். திர்சாவின் அம்மா அங்கேதான் இருந்தாள். அந்த வேலியைத் திரும்பிப் பார்க்காமல் திர்சா கடந்து போனாள். ஸ்டன்ட்னியில் செட்சல் தம்பதியின் மேல் கல் கிடையாது. புல்மேடுதான். ஆனால் அந்தப் புல் வெட்டிச் சீராக இருந்தது, ஓரத்தில் மஞ்சள் பூ பூத்திருந்தது. ரயிலடியில் கொடுத்த வாக்கை அவள் விட்டதில்லை. ட்ரீடா முழங்காலிட்டாள். டாம்சின் முழங்காலிட்டாள். பெற்ற மகள் நிற்கக் கூடாதே என்று திர்சாவும் முழங்காலிட்டாள். யாருக்கு என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"நல்லா வச்சிருக்கீங்க அக்கா," என்று டாம்சின் அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். "அவர் பாத்தா சந்தோஷப்படுவார்."

திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, மர்ஃபிட் அம்மாள் கட்டிக் கொடுத்த விலாங்கு அடையைப் பிரித்தார்கள். வெயில் இதமாக இருந்தது. படகு ஒன்று நாணல் ஏற்றிக்கொண்டு போயிற்று. ட்ரீடா புல்லில் படுத்துக்கொண்டு கேட்டாள்:

"அத்தை, மாமா எப்படி இருப்பார்?"

"எந்த மாமா?"

"என்ன அத்தை, உங்க வீட்டுக்காரர்தான். அப்பா அவரைப் பத்தி ஒண்ணுமே சொல்ல மாட்டார். கேட்டா பேச்சை மாத்திடுவார்."

திர்சாவுக்கு ஒரு புருஷனைக் கற்பனை செய்யத் தெரியவில்லை. அவள் வாழ்க்கையில் உற்றுப் பார்த்தது ஒரே ஓர் ஆணைத்தான். ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தாள்.

"உயரமா இருப்பார். ஒரு இடத்துல நிக்க மாட்டார். முன்பல்லு நடுவுல நாக்கை வச்சு ஒரு விசில் அடிப்பார். பாட்டு முழுக்க அடிச்சுட்டு, கடைசி வரியை மட்டும் அப்படியே தொங்கல்ல விட்டுடுவார். பாக்கியை நாமதான் மனசுக்குள்ள பாடிக்கணும். ரொட்டியில நடுவுல இருக்கறதைப் பிச்சுத் தின்னுட்டு ஓரத்தை வாத்துக்குப் போடுவார். கோவம் வந்தா பேச மாட்டார், காது மட்டும் சிவந்துடும். தூங்கறப்போ ஒரு கையைத் தலைக்கு மேல..." அங்கே நிறுத்திக்கொண்டாள். ஒருநாள் மதியம் வைக்கோல் போரடியில் அவன் தூங்கிப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான் அவள் கண்டது.

ட்ரீடா சிரித்தாள். "அப்படியே அப்பா. அப்பாவும் கடைசி வரியை விட்டுடுவார். அம்மாவுக்குக் கோவமா வரும், இல்லம்மா?"

டாம்சின் அடையைப் பாதி கடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மெதுவாக மென்று விழுங்கினாள். "ஆமா," என்றாள். வீடு வரும்வரை அவள் இரண்டடி பின்னாலேயே நடந்து வந்தாள்.

சாயங்காலம், உயிர் விலாங்குகளை ஆற்றில் அடைத்து வைக்கும் மரக்கூண்டைக் காட்டுவதற்காக மர்ஃபிட் அம்மாள் ட்ரீடாவைக் கூட்டிக்கொண்டு போனாள். டாம்சின் மாடிக்கு வந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"உங்களுக்குக் கல்யாணம் ஆகலை. இல்லையா?"

"இல்ல."

"அவருக்கு அக்காவும் கிடையாது."

"கிடையாது."

டாம்சின் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

"எனக்கு எழுத்து அவ்வளவா வராது. உங்க கடுதாசியை அவரேதான் படிச்சுச் சொல்வார். மழை, வெள்ளம், யார் வீட்டுல குழந்தை, இப்படி ஏதாவது. படிச்சதும் அடுப்புல போட்டுடுவார். வச்சுக்கிட்டா அக்கா நினைப்பு வந்து தூக்கம் போயிடும்பார். எவ்வளவு பாசம்னு நான் உருகிப் போவேன்."

திர்சா விளக்கை ஏற்றி அவள் பக்கத்தில் வைத்தாள்.

"அவர் உங்களைக் கூப்பிட்டாரா?"

"ஒரு தடவை. எங்க அம்மா படுத்துட்டாங்க. அவங்க போனப்புறம் வர்றேன்னு எழுதினேன்."

"அது எப்போ?"

"குளம் குட்டையெல்லாம் உறைஞ்ச வருஷம். அந்த வருஷம் ஈஸ்டர் முடிஞ்சு."

டாம்சின் மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். "ட்ரீடாவுக்கு அப்ப பல்லு முளைச்சுக்கிட்டிருந்தது," என்றாள்.

கீழே ஆற்றில் யாரோ படகைக் கட்டுகிற சத்தம் கேட்டது.

"எங்க ஊர்லயும் வெள்ளம் வந்தது," என்றாள் டாம்சின். "அது பொய் இல்ல. அன்னிக்கு ராத்திரி முதல்ல நான் தூக்கினது உங்க படங்களைத்தான். என் கல்யாணத் துணிப்பெட்டி தண்ணியோட போச்சு. அக்கா போட்டது, போனா அவர் தாங்க மாட்டார்னு தூக்கினேன். சனிக்கிழமையானா ஒவ்வொண்ணா இறக்கித் துடைப்பேன். வெயில் படக் கூடாதுன்னு மெல்லிசு துணி போட்டு மூடுவேன்." அவள் முக்காட்டை அவிழ்த்து மடியில் வைத்தாள். "எனக்குக் கோவம் கோவமா வருது. திட்டறதுக்கு அந்த மனுஷன் இல்ல. உங்களைத் திட்டலாம்னு பாத்தா, நீங்க என்ன பண்ணுவீங்க?"

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றாள் திர்சா.

"அவளுக்குச் சொல்லப்போறீங்களா?"

"மாட்டேன்."

"எங்களுக்காகப் பாக்க வேண்டாம்."

"எனக்காகத்தான் சொல்றேன். அத்தைன்னு கூப்பிட ஒருத்தி இருக்கா. அதையும் விட்டுட்டா எனக்கு எதுவும் இல்ல."

டாம்சின் எழுந்தாள். வாசலில் நின்று திரும்பினாள். அதுவரை வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவள் இப்போது சொன்னாள்:

"மிஸ் ஹேலாக், நீங்க நல்லவங்க. ஆனா மறுபடி என்னால இந்த ஊருக்கு வர முடியாது. அவளையும் அனுப்ப மாட்டேன். அவ உங்களுக்குக் கடுதாசி போட்டா தடுக்க மாட்டேன். நீங்க மட்டும் ரொம்ப எழுதாதீங்க. அவர் பேரை உங்க எழுத்துல வேற ஒருத்தர் படிச்சு நான் கேக்கணும்னா... என்னால ஆகாது."

"சரி," என்றாள் திர்சா.

மறுநாளே கிளம்பினார்கள். ட்ரீடா மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டபோது, அது இங்கேயே இருக்கட்டும் என்றாள் டாம்சின். ஏன் ஏன் என்று பெண் பதறினாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திர்சாதான் குறுக்கே வந்தாள்.

"வானமெல்லாம் வெளுத்துப் போச்சேம்மா. வச்சுட்டுப் போ. நான் மறுபடி நீலம் போட்டு அனுப்பறேன்."

"எனக்கு ரோஸா இருந்தாலும் பரவாயில்ல அத்தை."

"என்னால அப்படி விட முடியாதே. நான் போட்ட படமாச்சே."

ட்ரீடா அழுதுகொண்டே பெட்டியைக் கீழே வைத்தாள். ரயிலடியில் வண்டிக் கதவைச் சாத்தியபின் டாம்சின் ஜன்னல் வழியாகக் கை நீட்டினாள். மகள் பக்கத்தில் இருந்தாள். "வர்றோம்," என்று சொல்லி நிறுத்தி, "அக்கா," என்றாள்.

திர்சா அன்று பள்ளிக்குப் போய் வகுப்பெடுத்தாள். மர்ஃபிட் அம்மாள் சாயங்காலம் சூப்போடு மாடியேறி வந்தபோது அவள் தரையில் படங்களை வரிசையாகப் பரப்பி, நடுவில் உட்கார்ந்திருந்தாள். மர்ஃபிட் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அப்போதுதான் திர்சா அழ ஆரம்பித்தாள். சத்தம் கீழ் வீட்டுக்கே கேட்டது. எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் இருந்தவள், சத்தம் போட்டு அழுதது அன்றைக்குத்தான்.

வானத்தைச் சரிபண்ண அவள் முயற்சி செய்யாமலில்லை. பழைய காகிதம் சாயத்தை ஏற்கவில்லை. நீலம் திட்டுத் திட்டாக இறங்கி, ஒரு நல்ல படம் பாழானதுதான் மிச்சம். புதிதாகவே வரைந்து அனுப்பலாம் என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனாள். காகிதத்தை நனைத்தாள். அது காய்ந்தது. மறுபடி நனைத்தாள். அதுவும் காய்ந்தது. இத்தனை காலம் அவள் ஒவ்வொரு படத்தையும் ஒருவன் பார்ப்பான் என்றுதான் வரைந்திருக்கிறாள். வெளியூர்க்காரர்களுக்கு விற்றதுகூட அவனுக்கு வரைந்ததன் மறுபிரதிகள்தான். அவன் பார்க்காத ஊரை எப்படி வரைவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெற்றுக் காகிதத்தோடு வீடு திரும்பினாள்.

படங்கள் எப்போது வரும் என்று கேட்டு ட்ரீடாவின் கடிதம் வந்தது. ஈரத்தில் கெட்டுப்போய்விட்டன என்று திர்சா சுருக்கமாக எழுதினாள். பெட்டி அவள் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அனுப்பினால் அந்தப் படங்கள் டாம்சினின் சுவரில் அல்லவா ஏற வேண்டும்? ட்ரீடாவின் அடுத்த கடிதம் சின்னதாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒன்று வந்தது. பிறகு, கல்யாணம் நிச்சயமாகி நியூசிலாந்துக்கே திரும்பப் போகிறேன் என்று ஒன்று. வாழ்த்தி எழுதினாள். அதற்குப் பதில் இல்லை. விலாசம் மாறியிருக்கலாம்.

அந்த வருஷம் திர்சா ஆற்றங்கரைத் தெரு அறையைக் காலி செய்தாள். பேராலயம் கண்ணில் படாத ஓர் அறை வேண்டும் என்று ஊரெல்லாம் தேடினாள். ஈலியில் அது லேசில் நடக்கிற காரியமா? மேட்டின் மேல் ஊர், ஊருக்கு மேல் கோபுரம். எந்த ஜன்னலைத் திறந்தாலும் அது வந்து நிற்கும். கோபுரம் தெரியும் என்று சொல்லித்தான் வீட்டுக்காரர்கள் அறைக்கு ஆள் பிடிப்பார்கள். இவள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போவதைப் பார்த்து, நியூசிலாந்துக்காரிக்கு மூளை பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் பார்லி வறுக்கிற கொட்டகைக்குப் பின்னால் ஓர் இருட்டறை அகப்பட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கிண்ணமும் ஆப்பிளும் வரையச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, சாகும்வரை அங்கேயே இருந்தாள்.

மர்ஃபிட் அம்மாள் அந்த அறைக்கும் வெள்ளிக்கிழமைதோறும் விலாங்குக் குழம்பு கொண்டுவந்தாள். முதல் தடவை வந்தபோது ஜன்னலைத் தள்ளித் திறந்து, தலையை வெளியே நீட்டி, இடமும் வலமும் பார்த்தாள்.

"ஆறும் படகுமா இருந்த ரூமை விட்டுட்டு இந்தப் பொந்துல வந்து உக்காந்திருக்கியே. இங்கேர்ந்து என்னதான் தெரியுது உனக்கு?"

"கொட்டகைச் சுவர்."

"செங்கல்லைப் பாத்துக்கிட்டு யாராவது குடியிருப்பாங்களா?"

"இதை வரைஞ்சு அனுப்புன்னு யாரும் கேக்க மாட்டாங்க," என்றாள் திர்சா.

மர்ஃபிட் அம்மாள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, ஆறிப்போவதற்குள் சாப்பிடு என்று கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.